கட்டிய வேலைக்கே காசு: மலையகத்தில் சொந்த வீடு

ஹட்டன் பக்கம் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் எனக்கு, பாதியில் நின்றுபோன வீடுகள் புதிதல்ல. அத்திவாரம் போட்டு, சுவர் எழுப்பி, கூரைக்குக் காசில்லாமல் இரண்டு மூன்று மழைக்காலங்களைக் கண்ட வீடுகள் தோட்டப்புறங்களில் ஆங்காங்கே நிற்கின்றன. இப்படி ஒரு வீடு நின்றால் இருவருக்கு நட்டம். கட்டியவரின் ஆயுட்காலச் சேமிப்பு நனைகின்றது. சாமான் கொடுத்த வியாபாரியின் பாக்கியும் அதற்குள் அகப்பட்டுக்கொள்கின்றது.

பணம் போதாமல்தான் வீடு நின்றுவிட்டது என்று பலரும் சொல்வர். நான் பார்த்தவரையில் அது பாதி உண்மைதான். கையிலிருந்த பணம் வேலையை முந்திக்கொண்டு போய்விட்டது என்பதே மறுபாதி. ஒருவர் தன் குடும்பத்தின் உதவியோடும் கூலிக்கு அமர்த்திய பாஸ்மாரோடும் வீடு கட்டும்போது பணத்தை எப்படி வேலையோடு கட்டிவைப்பது என்பதையே இந்த வாரம் பார்ப்போம். வீடு கட்டுபவருக்கு மட்டுமல்ல, சீமெந்து, கம்பி, தகரம் விற்கும் நமக்கும் இது அவசியமான கணக்கு.

யார் கட்டுகிறார்கள்?

தோட்ட மக்கள் தலைமுறை தலைமுறையாக லயன் காம்பராக்களில் வாழ்ந்தவர்கள். லயனும் அது நிற்கும் நிலமும் அவர்களுக்குச் சொந்தமல்ல. 2015க்குப் பின்னர் குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி கொடுத்துத் தனி வீடு அமைக்கும் கொள்கை நடைமுறைக்கு வந்தது. 7 பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. அதில் 550 சதுர அடியில் இரண்டு அறை, முன் மண்டபம், குசினி, மலசலகூடம் கொண்ட ஒரு வீட்டைக் கட்டினால் முன்னும் பின்னும் கொஞ்சம் இடம் மிஞ்சும்.

இவர்களைத் தவிர நகரத்தை அண்டிய கிராமங்களில் காணி வாங்கிக் கட்டுபவர்களும் இருக்கிறார்கள். கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள், வெளிநாட்டுக்கு உழைக்கச் சென்ற தாய்மார், ஓய்வு பெறும் தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதி, இவற்றிலிருந்துதான் பெரும்பாலும் பணம் வருகின்றது. இந்தப் பணம் ஒருமுறைதான் வரும். தவறிப்போனால் இரண்டாம் முறை வராது. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் மீதிக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

இந்திய வீட்டுத் திட்டம் கற்றுத்தரும் பாடம்

நமது நாட்டில் உரிமையாளரே முன்னின்று கட்டும் முறை பெரிய அளவில் பரீட்சிக்கப்பட்டது இந்திய வீட்டுத் திட்டத்தில்தான். அத்திட்டத்தின் முதல் 1,000 வீடுகள் 2010இல் வடக்கில் ஆரம்பிக்கப்பட்டு, ஒப்பந்தக்காரர் மூலம் கட்டி 2012இல் முடிக்கப்பட்டன. பின்னர் 2012 ஒக்டோபர் 2ஆம் திகதி, காந்தி பிறந்த தினத்தன்று, வடக்கு கிழக்கில் 45,000 வீடுகளுக்கான அடுத்த கட்டம் தொடங்கியபோது முறை மாற்றப்பட்டது. ஒரு வீட்டுக்கு 5 லட்சத்து 50 ஆயிரம் ரூபா. அந்தப் பணம் ஒப்பந்தக்காரர் கைக்குப் போகவில்லை. வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கே போனது. ஆனால் ஒரேயடியாகப் போகவில்லை. ஒரு கட்டத்து வேலை முடிந்ததை வந்து பார்த்த பிறகே அடுத்த தவணை விடப்பட்டது.

மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களுக்கான 4,000 வீடுகள் 2016இல் தொடங்கின. வீடொன்றுக்கு 9 லட்சத்து 50 ஆயிரம் ரூபா ஒதுக்கப்பட்டது. தோட்டத்து நிலைமை வேறு. தோட்டத் தொழிலாளி காலையில் மலைக்குப் போனால் மாலையில்தான் திரும்புவார். பாதையோ குறுகலானது. ஆகவே மக்கள் தனித்தனியாக அல்லாமல் கூட்டாக இயங்கும் வழி இங்கே கைக்கொள்ளப்பட்டது. தோட்ட வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்களும் அதில் பங்கெடுத்தன. 2018 ஓகஸ்டில் பூண்டுலோயா டன்சினன் தோட்டத்தில் 404 வீடுகள் ஒன்றாகக் கையளிக்கப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு விடயத்தையும் கவனியுங்கள். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அந்தக் கட்டத்தில் வீடொன்றுக்கு இந்தியா கொடுக்கும் தொகை 28 லட்சம் ரூபாவாக உயர்ந்துவிட்டது. வீட்டின் அளவு மூன்று மடங்காகவில்லை. 2021இன் தொடக்கத்தில் 1,000 ரூபாவை அண்டி விற்ற 50 கிலோ சீமெந்துப் பை, 2022இன் நடுப்பகுதியில் 3,000 ரூபாவை நெருங்கியது நம் எல்லோருக்கும் தெரியும். வேலை ஒரு வருடம் தாமதித்தால் என்ன விலை கொடுக்க நேரும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

மூன்று வகைப் பேச்சு

தனியாகக் கட்டும் ஒருவர் பாஸோடு மூன்று விதமாகப் பேசலாம். ஒவ்வொன்றிலும் நட்டம் வேறு வேறு வாசலால் நுழையும்.

முதலாவது நாட்சம்பளம். பாஸுக்கும் கையாளுக்கும் நாளுக்கு இவ்வளவு என்று கொடுப்பது. இதில் வேலை இழுபட்டால் அது வீட்டுக்காரரின் நட்டம். மழை பெய்து மதியத்தோடு வேலை நின்றாலும் சம்பளப் பேச்சு வரும். ஆகவே நாள் முழுக்க ஒருவர் கூடவே நிற்க முடிந்தால் மட்டும் இந்த வழி சரி.

இரண்டாவது கூலிக் கொந்தரப்பு. சாமான் வீட்டுக்காரருடையது, வேலை முழுவதற்கும் ஒரு தொகை பாஸுக்கு. இதில் நாள் கூடினால் பாஸுக்குத்தான் நட்டம். ஆனால் சாமான் வீணானால் அது வீட்டுக்காரரின் தலையில். பாஸ் வேகமாக முடிக்கப் பார்ப்பார். குழைத்த சீமெந்து மிஞ்சினாலும் கல் உடைந்தாலும் அவருக்குக் கவலையில்லை. ஆகவே இங்கே எண்ணிக் கொடுக்கவும் எண்ணி வாங்கவும் ஓர் ஆள் வேண்டும்.

மூன்றாவது சாமானோடு கொந்தரப்பு. எல்லாம் பாஸின் பொறுப்பு. கேட்க நிம்மதியாக இருக்கும். ஆனால் இதில் நட்டம் வேலையின் தரத்தில் மறைந்திருக்கும். நான்கு கம்பி போக வேண்டிய இடத்தில் மூன்று போனால் பூச்சுப் பூசிய பிறகு யாருக்குத் தெரியும்? கொங்கிறீட் போடுகிற நாளில் விபரம் தெரிந்த ஒருவர் நின்று பார்க்க முடியாவிட்டால் இந்தப் பேச்சுக்குப் போகாமலிருப்பதே நல்லது.

தோட்டப்புறத்துக்கு, நான் பார்த்த அளவில், கூலிக் கொந்தரப்பே பொருத்தமானது. ஏனெனில் எண்ணிப் பார்க்கும் வேலையை ஓய்வு பெற்ற தந்தையோ, பாடசாலை முடித்த பிள்ளையோ செய்யலாம். அதற்குப் பெரிய தொழில்நுட்ப அறிவு தேவையில்லை. ஒரு கொப்பியும் பேனையும் போதும்.

குடும்பத்தின் கை எங்கே உதவும்?

குடும்பம் உதவுகின்றது என்றால் எல்லோரும் சாந்தகப்பை பிடிப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். அது மிச்சமல்ல, செலவு. தெரியாதவர் கட்டிய சுவரை உடைத்துக் கட்டினால் கூலி இரட்டிப்பாகும். அத்திவாரம், லின்டல், தூண், கூரைச் சட்டம், மின்சார வேலை ஆகியவற்றைத் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும்.

உண்மையில் குடும்பத்தால் பெரிதாக மிச்சம் பிடிக்கக்கூடிய இடம் சுமை. லொறி தோட்டப் பாதையோடு நின்றுவிடும். அங்கிருந்து வீட்டு நிலத்துக்குப் படியிறங்கிக் கல்லும் மணலும் போக வேண்டும். 16 அங்குலத்துக்கு 8 அங்குலச் சீமெந்துக் கல்லானால் 100 சதுர அடிச் சுவருக்கு ஏறத்தாழ 115 கல் போகும். ஒரு வீட்டுக்கு எத்தனை நடை என்று கணக்குப் பாருங்கள். கூலிக்கு ஆள் பிடித்தால் கல்லின் விலையோடு சுமைக்கூலியும் சேர்ந்துகொள்ளும். அயலவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் முறை வைத்து ஒருவர் வீட்டுக்கு மற்றவர் சுமந்தால் அந்தச் செலவு இல்லாமல் போகும்.

இரண்டாவது, தண்ணீர். கட்டிய சுவருக்கும் கொங்கிறீட்டுக்கும் குறைந்தது ஏழு நாள் ஈரம் காயாமல் தண்ணீர் விட வேண்டும். மலையில் குளிர்தானே என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். தை, மாசி மாதங்களின் காய்ந்த காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும். இந்த வேலைக்குப் பாஸ் தேவையில்லை. வீட்டில் உள்ள யாரும் செய்யலாம்.

மூன்றாவது, காவலும் கணக்கும். வந்த பை எத்தனை, அன்று போன பை எத்தனை என்று எழுதுவது. சீமெந்தைச் சுவரில் முட்டாமல் பலகை மேல் அடுக்கி வைப்பது. நமது மலைகளின் ஈரலிப்பில் பல மாதங்கள் கிடந்த சீமெந்து கட்டிபட்டுப் பலம் குறைந்துவிடும். ஆகவே மலிவாகக் கிடைக்கின்றது என்று முழு வீட்டுக்கும் ஒரேயடியாக வாங்கி அடுக்கவும் கூடாது.

மண்ணும் மழையும்

சமவெளியில் வீடு கட்டுபவருக்கு இல்லாத செலவு ஒன்று மலையில் உண்டு. சரிவை வெட்டித் தளம் எடுத்தால் பின்னால் வெட்டிய மண் நிற்கும். முன்னால் கொட்டிய மண் இருக்கும். கொட்டிய மண்ணில் அத்திவாரம் போட்டால் வீடு இறங்கும். வெட்டிய மண்ணுக்குத் தாங்கு சுவரும், மேலிருந்து வரும் நீரை வளைத்துவிடக் கானும் இல்லாவிட்டால் மழையில் அது வீட்டின் மேல் வரும்.

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் புதைந்ததை நாம் பார்த்தோம். 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் வந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் எத்தனையோ உயிர்களும் வீடுகளும் போயின. ஆகவே மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கல் வாங்குவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையைப் பெறுவதும், பிரதேச சபையில் வரைபடத்துக்கு அனுமதி எடுப்பதும் வீண் அலைச்சலல்ல. காணிக்கு உரிய பத்திரம் கையில் இல்லாமல், தோட்ட நிர்வாகம் வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பி அத்திவாரம் வெட்டுவதும் ஆபத்து.

காலத்தையும் பார்க்க வேண்டும். ஹட்டன், வட்டவளை, நோர்வூட் பக்கம் தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில் பிடித்தால் செப்டெம்பர் வரை விடாது. தை பிறந்ததும் அத்திவாரம் வெட்டி, சித்திரை முடிவதற்குள் கூரை ஏற்றிவிட்டால் மீதி வேலையை உள்ளே இருந்து செய்யலாம். அந்த மாதங்களில் கொழுந்து குறைவதால் ஆட்களின் கை ஓய்வாக இருக்கும். ஆனால் சம்பளமும் குறையும். ஆகவே அத்திவாரத்துக்கும் சுவருக்கும் உரிய பணத்தை முந்திய வருட இறுதியிலேயே ஒதுக்கி வைத்திருக்க வேண்டும்.

கட்டத்துக்குக் கட்டம்

கூலி மட்டும் 6 லட்சம் ரூபா என்று பேசியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை இப்படிப் பிரித்து எழுதிக்கொள்ளலாம். அத்திவாரம் முடிந்ததும் 1 லட்சத்து 20 ஆயிரம். சுவர் லின்டல் மட்டம் வந்ததும் 1 லட்சத்து 50 ஆயிரம். கூரை ஏறியதும் 1 லட்சத்து 50 ஆயிரம். பூச்சும் நிலமும் முடிந்ததும் 1 லட்சத்து 20 ஆயிரம். மீதி 60 ஆயிரத்தைப் பிடித்து வைத்து, ஒரு நல்ல மழை பெய்து கூரையும் கானும் சரியென்று கண்ட பிறகே கொடுக்க வேண்டும். மலையில் கூரை வேலையைப் பரீட்சிப்பது மழைதான்.

பாஸும் வீட்டில் அடுப்பெரிக்க வேண்டியவர். அவருக்குக் கிழமைச் செலவுக்குக் காசு கொடுக்கத்தான் வேண்டும். அதைக் கொப்பியில் எழுதி அந்தந்தக் கட்டத்துத் தொகையில் கழித்துக்கொள்ளலாம். வேலை தொடங்கும் முன்பே பாதித் தொகையைக் கேட்பவரிடம் மாத்திரம் கவனமாக இருங்கள். முழுக்காசும் வாங்கிய பாஸுக்கு உங்கள் வீட்டைவிட அடுத்த வீடு அவசரமாகிவிடும். இந்த உடன்பாட்டை இரண்டு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிட்டால் பிற்பாடு மனஸ்தாபம் வராது. இது பாஸுக்கும் பாதுகாப்பு. வேலை முடித்த பிறகு கூலிக்காக அலையும் பாஸ்மாரும் நம்மிடையே இருக்கிறார்கள்.

வியாபாரிகளுக்கு

கடனுக்குச் சாமான் கொடுக்கும் நாமும் இதே ஒழுங்கைப் பின்பற்றலாம். வீடு முழுவதற்கும் ஒரே கணக்குத் திறக்காமல், அத்திவாரக் கணக்கு முடிந்த பிறகு சுவர்க் கணக்கு என்று பிரியுங்கள். பாக்கி நின்றாலும் ஒரு கட்டத்தளவில் நிற்கும். அடுத்த கட்டத்துக்குக் காசு எங்கிருந்து வரும் என்று வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. கேட்காமல் கொடுத்துவிட்டுப் பிறகு வாசலில் போய் நிற்பதுதான் மரியாதைக் குறைவு.

பாஸ் வந்து வீட்டுக்காரர் பெயரில் சாமான் கேட்டால், வீட்டுக்காரரின் ஒப்பமோ தொலைபேசிச் சொல்லோ இல்லாமல் ஏற்றாதீர்கள். ஆள் கொண்டுவரும் பாஸுக்குக் கடைக்காரர் இரகசியமாகக் கமிஷன் கொடுக்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. அந்தக் காசு கடைசியில் தொழிலாளியின் சேமலாப நிதியிலிருந்துதான் வருகின்றது. அதை விலையில் குறைத்துக் கொடுத்தால், அந்த வீட்டுக்காரர் தன் லயனில் இன்னும் நான்கு பேருக்கு நம் கடையைச் சொல்வார்.

மிஞ்சிய முழுப் பையையும் உடையாத கல்லையும் திருப்பி எடுப்போம் என்று பில்லில் எழுதிக் கொடுங்கள். இதைச் செய்யும் கடைக்கு வாடிக்கையாளர் பயமின்றி வருவார். தேவைக்கு மேல் வாங்கிப் பணத்தை முடக்கவும் மாட்டார். வீடு கூரை வரை போனால் அவர் அடுத்து வர்ணம் வாங்க வருவார், கதவுப் பூட்டு வாங்க வருவார், பிள்ளையின் அறைக்கு மின்குமிழ் வாங்க வருவார். நின்றுபோன வீட்டுக்காரரோ நம் கடையிருக்கும் தெருவைத் தவிர்த்து மறு தெருவால் போவார். ஆகவே வாடிக்கையாளரின் வீடு முடிகின்றதா என்று பார்ப்பதும் நமது வியாபாரத்தில் ஒரு பகுதிதான்.