படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு எந்தப் பிரஷ் நல்லது?

ஊரிலிருந்து வயதான தாயையோ தந்தையையோ மும்பைக்கு அழைத்து வந்து, ஒற்றை அறை வீட்டில் வைத்துப் பராமரிப்பவர்கள் நம்மில் பலர். பக்கவாதத்தால் படுத்துவிட்டவரைக் குளிப்பாட்டுகிறோம், உணவு ஊட்டுகிறோம், மருந்து கொடுக்கிறோம். வாயைச் சுத்தம் செய்வது மட்டும் விட்டுப்போகிறது. "இருப்பதே நாலு பல்; கொப்பளித்தால் போதாதா?" என்று கேட்பவர்களும் உண்டு.

போதாது. வாயில் பெருகும் கிருமிகள் எச்சிலோடு மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியா வரலாம். விழுங்கும் சக்தி குறைந்தவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் நடந்த ஆய்வு ஒன்று 2002-ல் வெளியாயிற்று. ஒவ்வொரு உணவுக்குப் பின்னும் பணியாளர்கள் பல் துலக்கிவிட்டவர்களுக்கு நிமோனியா குறைவாகவே வந்தது என்று அது தெரிவித்தது.

சிறிய தலை, மெல்லிய நார்

"சாஃப்ட்" என்று அச்சிட்ட பிரஷ்ஷையே வாங்குங்கள். கடினமான நார் ஈறைப் புண்ணாக்கும். தலை சிறியதாக இருந்தால்தான் கடைவாய் வரை போகும். குழந்தைகள் பிரஷ்கூடப் பொருந்தும். பெரியவரால் கையில் பிடிக்க முடியுமானால், பிடியில் துணியைச் சுற்றிப் பருமனாக்கிக் கொடுங்கள். முடிந்தவரை அவரே துலக்கட்டும். வாயைச் சிறிது நேரமே திறப்பவர்களுக்கு, பல்லின் மூன்று பக்கமும் ஒரே சமயத்தில் தேய்க்கும் பிரஷ் உதவும். பாட்டரி பிரஷ்ஷின் அதிர்வுக்கு அவர் அஞ்சினால் வற்புறுத்த வேண்டாம்.

துலக்கும் முறை

மல்லாந்து படுத்திருக்கும்போது துலக்கக் கூடாது. நிமிர்த்தி உட்கார வையுங்கள். முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஃப்ளூரைடு பற்பசை பட்டாணி அளவுக்கு மேல் வேண்டாம். துப்ப இயலாதவருக்கு இன்னும் குறைவாகத் தடவி, ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். பற்களுக்கிடையே விரலை விடாதீர்கள், கடித்துவிடலாம். பல்லே இல்லாதவருக்கும் ஈறையும் நாக்கையும் துடைக்க வேண்டும். பல் செட்டை இரவில் கழற்றி, தனிப் பிரஷ்ஷால் கழுவி, பச்சைத் தண்ணீரில் போட்டு வையுங்கள். வெந்நீர் அதன் வடிவத்தைக் கெடுத்துவிடும். பிரஷ்ஷை மூன்று மாதத்திற்கு ஒருமுறை மாற்றுங்கள். நார் விரிந்துவிட்டால் அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

நாளுக்கு இருமுறை இப்படிச் செய்வதில் இன்னொரு நன்மையும் உண்டு. வெற்றிலை, புகையிலை போட்டுப் பழகியவர்களின் வாயில் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ இருந்தால் உங்கள் கண்ணில் படும். இரண்டு வாரத்தில் அது மறையாவிட்டால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். புற்றுநோயாக இருந்தாலும், ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணப்படுத்தும் வாய்ப்பு அதிகம்.