சக்கர நாற்காலியும் வாசற்படியும்



பாலக்காட்டு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும், இடுக்கி மாவட்டத்தின் மூணாறு, தேவிகுளம், பீர்மேட்டு மலைகளிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருவதை அறிவீர்கள். தென்னையேறிக் கள் இறக்குவோர், மிளகு பறிப்போர், தேயிலை கிள்ளுவோர் எனப் பலரும் உடலுழைப்பையே நம்பி வாழ்பவர்கள். மரத்தினின்று விழுந்து முதுகெலும்பு முறிந்தாலும், பக்கவாதம் வந்து ஒருபுறம் செயலற்றுப் போனாலும், அக்குடும்பத்தின் நிலை என்னாகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

இத்தகையோருக்கு ஊரார் கூடிச் சக்கர நாற்காலி ஒன்றை வழங்குவதுண்டு. மாலை உண்டு, புகைப்படமும் உண்டு. சில மாதங்கள் கழித்துச் சென்று பார்த்தால், அந்நாற்காலி திண்ணை மூலையில் துணி போட்டு வைக்கும் இடமாக மாறியிருக்கும். அதற்குரியவரோ கட்டிலிலேயே கிடப்பார். கொடுத்தவர் மனத்திலும் குறையில்லை, பெற்றவர் மனத்திலும் குறையில்லை. நாற்காலி உடலுக்குப் பொருந்தவில்லை, அல்லது வீடு நாற்காலிக்கு இடங்கொடுக்கவில்லை; காரணம் அவ்வளவுதான்.

இவ்விரண்டையும் ஆராய்ந்து சரிசெய்வதற்கென்றே பயின்றவர்கள் இருக்கின்றனர். ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் இத்துறையைத் தமிழில் தொழில்வழிச் சிகிச்சை என வழங்குகிறோம். தொழில் என்றதும், கூடை முடையவும் பாய் பின்னவும் கற்பிப்பவர் என்று பலர் எண்ணிவிடுகின்றனர். அப்படியன்று. ஒரு மனிதனின் பகற்பொழுதை நிறைக்கும் செயல் எதுவாயினும் அது இங்கே தொழிலே: பல் துலக்குவது, குளிப்பது, அடுப்பில் உலை வைப்பது, ரேஷன் கடைக்குச் செல்வது யாவும் அதில் அடங்கும். இயன்முறை மருத்துவர் தசைக்கு வலுவூட்டுகிறார். எஞ்சிய வலுவைக் கொண்டு இவர் நாளை காலை எவ்வாறு குளிப்பார் என்று கேட்பவர் தொழில்வழிச் சிகிச்சையாளர்.

இக்கல்வியை நம் நாட்டில் 1950இல் பம்பாயில் தொடங்கியவர், அமெரிக்காவிலே பிறந்து இந்தியரை மணந்து இங்கேயே வாழ்ந்த கமலா நிம்ப்கர் அம்மையார். தென்னாட்டில் மறுவாழ்வு மருத்துவத்திற்கு வேரூன்றியவர்களுள் டாக்டர் மேரி வர்கீஸ் முதன்மையானவர். கொச்சியை அடுத்த செறாயியில் 1925இல் பிறந்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற அவர், 1954இல் நேர்ந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வை இழந்தார். ஆயினும் அறுவை மருத்துவத்தைக் கைவிடவில்லை. டாக்டர் பால் பிராண்டு தந்த ஊக்கத்தால், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னர் ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் பயிற்சி பெற்றுத் திரும்பி, வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை தாங்கினார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையமும் எழுந்தது. நாற்காலி என்பது நோயின் முடிவன்று, வேலைக்குரிய கருவி என்பதை அவரைக் காட்டிலும் தெளிவாக மெய்ப்பித்தவர் யார்?

கருவி என்றால் அது அளவெடுத்துத் தரப்பட வேண்டும். இருக்கை அகலமாயிருந்தால் வசதிதானே என்று நாம் நினைக்கிறோம். அகலம் மிகுந்தால் உடல் ஒருபுறம் சாயும், முதுகு வளையும், கைகள் சக்கரத்தை எட்டா. குறைந்தாலோ இடுப்புத் தோல் உராயும். முழங்காலின் பின்புறத்திற்கும் இருக்கையின் விளிம்புக்கும் இடையே இரண்டு விரல் நுழையும் இடைவெளி வேண்டும். கால்பலகை அளவுக்கு மீறி உயர்ந்தால் உடற்பாரம் முழுவதும் உட்காரும் எலும்பின்மீது இறங்கும். உணர்வற்ற உடலுக்கு அந்த அழுத்தம் தெரியாது. வலிக்காமலே புண் உண்டாகிவிடும். அப்புண்ணில் நஞ்சேறி உயிரிழந்தோரும் உண்டு. ஆகவே தகுந்த மெத்தையைத் தேர்ந்து கொடுப்பதும், அரைமணிக்கு ஒருமுறையேனும் கைகளை ஊன்றி உடலைத் தூக்கவோ முன்னே சாயவோ பழக்குவதும் சிகிச்சையாளரின் கடமையாகும்.

அடுத்தது வீடு. சித்தூர்ப் பக்கத்து நிலம் பெரும்பாலும் சமவெளி. ஆனால் மழைக்கு அஞ்சி வீடுகளை உயர்த்திக் கட்டியிருப்பார்கள். ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளச் சாய்தளம் என்பது நம் நாட்டு வழிகாட்டு நெறிகள் ஏற்றுள்ள கணக்கு. இதை அறியாமல் நான்கடிப் பலகையைச் சாய்த்து வைத்தால் நாற்காலி பின்புறமாகக் கவிழும். முற்றம் குறுகியதாயின், சாய்தளத்தை நடுவில் ஒரு சமதளம் விட்டுத் திருப்பிக் கட்டலாம். கதவின் திறப்பு 90 சென்டிமீட்டர் இருப்பது நலம்.

இடுக்கி மலையிலே இக்கணக்கு எளிதில் செல்லாது. தேயிலைத் தோட்டத்து லயங்கள் பல சரிவின்மீது அமைந்தவை. தார்ச்சாலைக்கு வரப் படிகளில் இறங்க வேண்டும். ஆறடி இறக்கத்திற்கு எழுபத்திரண்டடிச் சாய்தளத்தை எங்கே அமைப்பது? இன்று எங்கும் காணும் மடக்கு நாற்காலியின் மூல வடிவம் 1933இல் அமெரிக்காவில் மோட்டார் காரில் எடுத்துச் செல்லத்தக்கதாய்ச் செய்யப்பட்டது. கரடுமுரடான மண்ணுக்கு, முன்னே ஒற்றைச் சக்கரம் நீட்டிய மூன்று சக்கர நாற்காலியே ஏற்றதாகலாம். வீட்டுக்குள் ஒன்றும் சாலையோரத்தில் ஒன்றுமாக இரண்டு வைப்பதும் ஒரு வழி. சாலையை ஒட்டிய வீட்டிற்கு மாற்றித் தரும்படி கேட்பதும் மற்றொரு வழி.

இங்கே வேறொரு சிக்கலும் உண்டு. லயத்து வீடு குடியிருப்பவருக்குச் சொந்தமன்று. வேலையோடு வந்தது, வேலையோடு போவது. கழிப்பறைக் கதவை அகலப்படுத்தவும் நிர்வாகத்தின் இசைவு வேண்டும். வாய்மொழியாகக் கேட்பதைவிட, இன்ன நோயாளிக்கு இன்ன அளவில் இன்ன மாற்றம் தேவை எனச் சிகிச்சையாளர் எழுதிக் கையொப்பமிட்ட தாளைக் கொண்டு கேட்பது வலுவுடையது. பலர் இத்தாளைக் கேட்டு வாங்குவதே இல்லை என்பதுதான் வருந்தத்தக்கது.

சிகிச்சையாளரை எங்கே காண்பது? கேரளத்தில் 2008இல் வகுக்கப்பட்ட கொள்கையின்படி, படுக்கையிலிருப்போரைப் பஞ்சாயத்தின் சார்பில் செவிலியர் வீடு தேடி வந்து பார்க்கின்றனர். முதலில் அவரிடமே கேட்கலாம். இரிஞ்ஞாலக்குடாவை அடுத்த கல்லேற்றுங்கரையில் மறுவாழ்வு மருத்துவத்திற்கென்றே ஒரு நிலையம் இயங்குகிறது. பாலக்காட்டாருக்குக் கோயம்புத்தூரும் தொலைவன்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மாநில எல்லை பாராது பொருந்தும், யூ.டி.ஐ.டி. எனப்படும் அடையாள அட்டையும் நாடெங்கும் செல்லுபடியாகும். பெங்களூரிலோ மும்பையிலோ இருக்கும் நேயர்களுக்கும் இது பொருந்தும்.

செல்லும்போது நோயாளியின் மருத்துவச் சீட்டோடு வேறு சில குறிப்புகளையும் எடுத்துச் செல்லுங்கள்: வாசற்படியின் உயரம், கதவுகளின் அகலம், கழிப்பறைக்கும் கட்டிலுக்கும் உள்ள தூரம், பகலில் வீட்டில் யார் இருப்பார் என்பது. கைப்பேசியில் நான்கு படங்கள் எடுத்துக்கொண்டால் இன்னும் நன்று.