வலியைச் சொல்லும் பாடப் புத்தகம்

2000-ஆம் வருஷம், அமெரிக்காவில் டென்வர் நகரத்து மூதாட்டி ஒருவர் டாக்டர் விக்டர் ஸ்பிட்ஸரை நாடி வந்தார். பெயர் சூஸன் பாட்டர். ஜெர்மனியில் பிறந்தவர், எழுபது வயதைத் தாண்டியவர். தாம் கண்ணை மூடிய பிறகு தம்முடைய சரீரத்தை டாக்டரின் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அந்த அம்மாளின் வேண்டுகோள்.

அப்படி என்ன ஆராய்ச்சி என்கிறீர்களா?

முட்டைக்கோஸை நறுக்கும்போது பாருங்கள். ஒவ்வொரு வெட்டிலும் ஒரு புதுக் கோலம் தெரியும். மெல்லிசாகச் சீவிச் சீவி, ஒவ்வொரு கோலத்தையும் படம் பிடித்து, படங்களை வரிசையாக அடுக்கினால், உள்ளும் புறமுமாக முழு முட்டைக்கோஸும் திரும்பக் கிடைத்துவிடும் அல்லவா? உறைய வைத்த மனித சரீரத்தையும் அப்படியே படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் அடுக்குகிறார்கள். எது நரம்பு, எது ரத்தக் குழாய் என்று பொறுமையாகக் கோடு போட்டுப் பிரிக்கிறார்கள். பிறகு வைத்திய மாணவன் திரையில் ஈரலைத் தனியே எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம். மறுபடி அதன் இடத்தில் வைக்கலாம். கத்தி பட்ட நிஜ நரம்பு திரும்ப ஒட்டுமா?

1994-ல் வெளியான முதல் உருவம் டெக்ஸாஸில் மரண தண்டனை பெற்ற கைதி ஒருவருடையது. சரீரத்தை அவரே தானமாக எழுதிக் கொடுத்திருந்தார். மறு வருஷம் 59 வயதுப் பெண்மணி ஒருவரின் உருவம் வந்தது. அவர் பெயரை வெளியிடவில்லை.

சூஸன் அம்மாள் விஷயத்தில் ஸ்பிட்ஸர் முதலில் தயங்கினார். அவர் தேடியது நோயில்லாத சரீரம். அம்மாளுக்கோ புற்றுநோய், நீரிழிவு, போதாததற்குப் பல ஆபரேஷன்கள்! ஆனால் டாக்டரைத் தேடி வருகிறவர்கள் எல்லாரும் பயில்வான்களா, என்ன? கடைசியில் டாக்டர் சம்மதித்தார்.

ஒரு வருஷம் தாங்கினால் அதிகம் என்று நினைத்த அம்மாள், ஏறக்குறைய 15 வருஷம் வாழ்ந்தார். சும்மா இருக்கவும் இல்லை. வைத்திய மாணவர்களோடு சிநேகமானார். நோயாளியை மனுஷியாகப் பார்க்கத் தெரிய வேண்டும் என்று அவர்களிடம் கறாராகச் சொன்னார். தம்மை எங்கே உறைய வைப்பார்கள், எந்த இயந்திரத்தில் அறுப்பார்கள் என்று நேரில் பார்த்தே தீர வேண்டும் என்றார், பார்த்தார். அந்த வேளையில் அறையில் ரோஜா மலர்கள் இருக்க வேண்டும், சங்கீதம் ஒலிக்க வேண்டும் என்றும் சொல்லி வைத்தார்.

2015 பிப்ரவரியில், 87-வது வயதில், அம்மாள் காலமானார். பிறகு அவருடைய சரீரம் 27,000 தடவை சீவப்பட்டது. ஒரு சீவலின் கனம் 0.063 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு தலைமயிரின் பருமன்.

உயிரோடு இருந்த காலத்தில் அம்மாள் பேசியதையும் வருஷக் கணக்காகப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். நாளை ஒரு மாணவன் அந்த உருவத்தைத் திருப்பிப் பார்க்கும்போது, எங்கே வலித்தது, எப்படி வலித்தது என்று அம்மாளின் குரலே சொல்ல வேண்டும் என்பது ஸ்பிட்ஸரின் ஆசை.

எலும்பையும் நரம்பையும் காட்டப் புத்தகங்கள் ஏராளம். வலியைச் சொல்ல ஓர் அம்மாள்தான் வேண்டியிருந்தது!