எங்கள் யானைகளுக்குக் கொம்பு எங்கே?

2022 மார்ச்சில் நடுங்கமுவ ராஜா இறந்தபோது பன்வில கடைத்தெருவிலும் அதுதான் பேச்சு. கண்டிப் பெரஹராவில் பேழை சுமந்த அந்தக் கொம்பன் யானை பிறந்தது இலங்கையில் அல்ல, மைசூரில். "சேர், எங்கட நாட்டு யானைகளுக்கு ஏன் கொம்பு இல்ல?" என்று வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான். கூர்ப்புப் பாடத்துக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குக் கிடைத்ததில்லை.

தென்னிந்தியக் காடுகளில் ஆண் யானைகளில் 90 வீதத்துக்கும் மேற்பட்டவை கொம்பன்கள். இங்கே சுமார் 7 வீதம் என்பார்கள். 2011 கணக்கெடுப்பில் பதிவான 5,879 யானைகளில் கொம்பன்கள் 122 தான். மற்ற ஆண்களை அலியன் என்கிறோம்.

நூற்றாண்டுக் கணக்காக இத்தீவிலிருந்து யானைகள் பிடித்து ஏற்றுமதி செய்யப்பட்டன. ஏறாவூர்ப் பணிக்கர்களின் திறமையை ஆங்கிலேயரே வியந்து எழுதியிருக்கிறார்கள், அவர்கள் நம்மவர்கள். வாங்குபவன் விரும்பியது கொம்பனை. வேட்டைக்காரன் தேடியதும் தந்தத்தை. காட்டில் எஞ்சி, இணை சேர்ந்து, குட்டிகளுக்குத் தந்தையானவை பெரும்பாலும் அலியன்கள். தந்தமின்மை பரம்பரை அலகு வழியே கடத்தப்படுவது. ஆகவே அடுத்த தலைமுறையில் அலியன்கள் கூடின. முதன்முதலில் இத்தீவுக்கு வந்த யானைக்கூட்டத்திலேயே கொம்பன்கள் குறைவாக இருந்திருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. இரண்டும் சேர்ந்தும் நடந்திருக்கலாம்.

மாணவர்கள் வழுக்குவது ஓரிடத்தில்தான். யானை பயந்துபோய்த் தந்தத்தைக் கைவிடவில்லை. தந்தம் வெட்டப்பட்ட யானையின் குட்டி தந்தமில்லாமல் பிறப்பதுமில்லை. எத்தனை தலைமுறையாகச் சுன்னத்து வைக்கிறோம், பிள்ளைகள் அப்படியா பிறக்கிறார்கள்? தனி விலங்கு மாறுவதில்லை. குடித்தொகைக்குள் ஏற்கெனவே இருக்கும் வேறுபாடுகளில் எது அதிகம் எஞ்சுகிறது என்பதுதான் மாறுகிறது. பதுளையில் அரச அதிபராக இருந்த மேஜர் ரோஜர்ஸ் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டதாகச் சொல்வார்கள். கொம்பனா அலியனா என்று பாராமல் சுட்டால் எண்ணிக்கை குறையும், தேர்வு நடக்காது.

சில பெற்றோர் "இந்தப் பாடம் ஈமானுக்கு ஆகாது" என்கிறார்கள். அந்த வினாவை அப்படியே விட்டுவிட்டு வரும் உயர்தர மாணவர்களை எனக்குத் தெரியும். மனிதனின் படைப்பு பற்றிய கேள்வியை உலமாக்களோடு உட்கார்ந்து பேசலாம். ஆனால் காட்டில் கண்முன்னே நடப்பதைப் பார்க்க ஏன் பயப்பட வேண்டும்? ஒன்பதாம் நூற்றாண்டில் பஸராவின் அல்ஜாஹிழ் விலங்குகளைப் பற்றியே பல பாகங்களில் நூல் எழுதினார். ஒன்றையொன்று இரையாக்கி அவை பிழைக்கும் விதத்தையும் அதில் கவனித்திருக்கிறார்.

இன்னும் தெளிவான சான்று மொசாம்பிக்கில் இருக்கிறது. 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் கொரொங்கோசா காட்டின் யானைகளில் 90 வீதத்துக்கும் மேல் கொல்லப்பட்டன. தந்தம் விற்றுப் போர்ச்செலவு பார்த்தார்கள். ஆபிரிக்காவில் பெண் யானைக்கும் தந்தம் உண்டு. போருக்கு முன் ஐந்தில் ஒரு பெண் யானைக்குத்தான் தந்தமில்லை. தப்பிப் பிழைத்தவற்றில் பாதிக்கு இல்லை. 2021இல் வெளியான ஆய்வு, இதற்குக் காரணமான பரம்பரை அலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பதாகக் காட்டியது. தாயைத் துப்பாக்கியிலிருந்து காத்த அதே அலகு ஆண் குட்டிக்குப் போனால், அது பிறக்கும் முன்பே இறந்துவிடுகிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள். போர் முடிந்து பிறந்த பெண் யானைகளிலும் மூன்றில் ஒன்றுக்குத் தந்தம் இல்லை.