கை பட்டால் வலி போவது ஏன்?

வலிக்கும் இடத்தில் ஒரு கை பட்டால் சுகமாக இருக்கிறது. அழுகிற குழந்தைக்கும் இது தெரியும். ஆனால் அந்தச் சுகம் எப்படி வருகிறது? இந்தக் கேள்விக்கு விஞ்ஞானிகளால் இன்னும் முழுப் பதில் சொல்ல முடியவில்லை!

காது கேட்டதாம்!

அமெரிக்காவில் டேவன்போர்ட் என்று ஓர் ஊர். 1895-ம் ஆண்டு அங்கே டேனியல் பால்மர் என்பவர் வைத்தியம் செய்து வந்தார். அதே கட்டிடத்தில் வேலை பார்த்த ஹார்வி லில்லார்டுக்குப் பல ஆண்டுகளாகக் காது கேட்கவில்லை. அவருடைய முதுகில் ஓர் எலும்பு விலகி இருப்பதாகப் பால்மர் நினைத்தார். கையால் அழுத்தித் தள்ளினார். "காது கேட்டுவிட்டது" என்றார்!

இப்படிப் பிறந்ததுதான் கைரோபிராக்டிக் என்னும் கை வைத்தியம். எலும்பு விலகினால் நோய். இடம் சேர்ந்தால் சுகம். இதுதான் பால்மர் சொன்ன காரணம்.

ஆனால் காது நரம்பு முதுகு வழியாகப் போவதே இல்லை. மண்டை ஓட்டுக்குள்ளேயே அது மூளையைச் சேர்ந்துவிடுகிறது!

நகராத எலும்பு

1998-ல் ஸ்வீடன் நாட்டு டாக்டர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். இடுப்பு மூட்டில் கோளாறு உள்ள 10 பேருக்குக் கையால் வைத்தியம் நடந்தது. அதற்கு முன்னும் பின்னும் நுட்பமான எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். கையால் தொட்டுப் பார்த்தபோது மூட்டு சரியாகிவிட்டதாகவே தோன்றியது. படத்தில் எலும்பு இருந்த இடத்திலேயே இருந்தது!

அப்படியானால் சுகம் எங்கிருந்து வந்தது? அழுத்தம் பட்டதும் நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. மூளை வலியைத் தணிக்கிறது. இப்படித்தான் இன்று பலர் கருதுகிறார்கள். குணமாகும் என்ற நம்பிக்கைக்கும் பங்கு உண்டு. எதற்கு எவ்வளவு பங்கு? அதுதான் தெரியவில்லை.

'சடக்' சத்தம்

முதுகில் 'சடக்' என்று கேட்டால், எலும்பு உட்கார்ந்துவிட்டது என்று எண்ணுகிறோம். விரலில் நெட்டி முறிக்கும்போது கேட்பதும் இதே மாதிரிச் சத்தம்தான். மூட்டுக்குள் வழவழப்பான நீர் இருக்கிறது. மூட்டை இழுத்தால் அதில் குமிழி உண்டாகிறது. குமிழி பிறக்கும்போது சத்தம் வருகிறது என்று 2015-ல் கனடாவில் படம் பிடித்துச் சொன்னார்கள். குமிழி சுருங்கும்போதுதான் என்று 2018-ல் வேறு இருவர் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். வழக்கு முடியவில்லை!

பொய்க் கை உண்டா?

மருந்தைச் சோதிப்பது எளிது. பாதிப் பேருக்கு மருந்து. பாதிப் பேருக்கு வெறும் சர்க்கரை மாத்திரை. எது எவருக்கு என்று கொடுப்பவருக்கே தெரியாது. கை வைத்தியத்தில் அது நடக்குமா? பொய்யாகத் தொட்டாலும் தொட்டது தொட்டதுதானே! தொடுகிறவருக்கோ உண்மை தெரியும்.

வலி போனால் போதாதா?

போதாது. "எலும்பு விலகிவிட்டது" என்று கேட்டவர் குனியவும் பயப்படுகிறார். வாரா வாரம் பணம் கட்டுகிறார். கழுத்தை வெடுக்கென்று திருப்பியதற்குப் பின், அபூர்வமாகச் சிலருக்கு ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்ததும் உண்டு. யாருக்கு நல்லது, யாருக்கு ஆபத்து என்று பிரித்துச் சொல்லக் காரணம் தெரியவேண்டும்.

அதுவரை என்ன செய்வது? முதுகு வலியோடு கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ, உடனே டாக்டரிடம் போகவேண்டும். கழுத்தை வெடுக்கென்று திருப்ப யாரையும் விடக்கூடாது.

மற்றபடி, இதமாகப் பிடித்துவிடும் கையை வேண்டாம் என்பார் யார்?