ஐம்பதில் ஓர் அரிச்சுவடி

குருமடத்தில் மெய்யியல் பயின்ற காலத்தில், காண்ட் என்னும் ஜெர்மானியப் பேரறிஞரை நாம் ஆங்கில நூல்களின் வழியாகவே அறிந்தோம். பின்னாளில் இளைஞர்க்கு மெய்யியல் கற்பிக்கும் பொறுப்பு வந்தபோதும் அந்த ஆங்கிலமே நமக்குத் துணை. ஐம்பது வயதைக் கடந்தபின் ஜெர்மன் நாட்டுப் பங்கு ஒன்றில் பணியாற்ற அனுப்பப்பட்டோம். மறையுரைக்காகக் கற்கத் தொடங்கிய மொழி, மெல்ல மெல்ல நம்மைக் காண்டின் மூலநூலுக்கே அழைத்துச் சென்றது.

1781-இல் வெளிவந்து, 1787-இல் திருத்திய இரண்டாம் பதிப்புக் கண்ட ‘தூய அறிவின் திறனாய்வு’ என்ற அந்நூலில், முதல் நாள் மாலை நாம் கடந்தது அரைப் பக்கமே. துணை வாக்கியங்களில் வினைச்சொல் இறுதியில் வந்து நிற்பது ஜெர்மன் மொழியின் இயல்பு. ஆங்கிலம் ஒன்றையே அறிந்தோர் இதைக் கண்டு மலைப்பர். வினைமுற்றுக்காகக் காத்திருந்து பழகிய தமிழர்க்கோ இப்பொறுமை தாய்ப்பாலோடு வந்தது. பெயர்ச்சொற்கள் யாவும் பெரிய எழுத்தில் தொடங்குவதும் இருளில் கைவிளக்காக உதவிற்று.

ஆயினும் ஒரு சொல் நம்மைத் தடுத்து நிறுத்தியது. அது ‘அன்ஷவுங்’. ஆங்கிலத்தார் இதனை ‘இன்ட்யூஷன்’ எனப் பெயர்த்துள்ளனர். அதனை நாம் ‘உள்ளுணர்வு’ என்றே பல ஆண்டுகள் கற்பித்திருந்தோம். மூலச்சொல்லின் வேரோ ‘பார்த்தல்’ என்பதாகும். பொருள் நமக்கு நேரே தரப்படும் முறையையே காண்ட் அச்சொல்லால் குறிக்கிறார். மானிடர்க்கு அது புலன்களின் வழியே நிகழ்வது என்கிறார். நம் அளவை நூலோர் வழங்கிய ‘காட்சி’ என்னும் சொல் இதற்கு எவ்வளவு அருகில் இருந்தது! பிழையான பாடத்தை நம்பிக்கையோடு கேட்டுச் சென்ற மாணவர்களின் முகங்கள் கண்முன் வந்தன. அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

மனம் சோர்ந்திருந்த அந்நாட்களில், பங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர், “சாமி, பெரிய நூலைச் சற்று மூடி வையுங்கள், சிறிய கவிதை ஒன்றைப் படியுங்கள்” என்றார். அவர் தந்தது, 1780 செப்டம்பர் 6 அன்று இல்மெனாவ் நகருக்கு அருகே, கிக்கல்ஹான் குன்றின் மரக்குடிலில் கவிஞர் கதே சுவரில் எழுதிவைத்த பாடல். எட்டே வரிகள், இருபத்து நான்கே சொற்கள். அகராதியை நாடியது மூன்று சொற்களுக்கு மட்டுமே. பொருள் விளங்கிய பின்பும் பாடல் திறக்கவில்லை. அம்மூதாட்டி அதை வாய்விட்டு மெதுவாகச் சொன்னபோதுதான் மலைமுகட்டின் அமைதி நம் செவியில் இறங்கிற்று. 1831-இல், எண்பத்திரண்டாம் பிறந்த நாளுக்கு முந்தைய நாள், கதே அக்குடிலுக்கு மீண்டும் சென்று, தம் வரிகளைப் படித்துக் கண்ணீர் உகுத்தாராம். அடுத்த ஆண்டு மார்ச்சில் அவர் மறைந்தார்.

அன்பு வாசகர்களே, மெய்யியலைச் சொல் சொல்லாகவும், கவிதையைச் செவி வழியாகவும் கற்கவேண்டும் என்பதை முதுமையின் வாயிலில் நாம் கண்டுகொண்டோம். வேகம் குறைந்ததால் நாம் இழந்தது ஒன்றுமில்லை. முகவரி தெரிந்த பழைய மாணவர் சிலர்க்கு, “நாம் தவறாகக் கற்பித்தோம், திருத்திக்கொள்ளுங்கள்” என்று மடல் எழுதினோம். ஜெர்மன் மொழி நமக்குத் தந்த மிகக் கடினமான பயிற்சி அதுவே.