சரக்கு வண்டி இழுவை குறைந்தால்: சென்சாரை மாற்றும் முன் கவனிக்க வேண்டியவை

பொன்னேரி, மீஞ்சூர், சோழவரம் பக்கத்துக் கீரையும் காய்கறியும் விடிவதற்குள் சென்னைச் சந்தைகளை எட்டினால்தான் விலை உண்டு. வெயில் ஏறிவிட்டால் கீரைக்கட்டு துவண்டு போகும். இச்சரக்கை ஏற்றிவரும் சிறு வண்டிகளில் பல மணலி வழியாகவே வருகின்றன. துறைமுகங்களுக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகள் இரவு பகலாக வரிசை கட்டி நிற்கும் சாலை அது. புழுதிக்கும் புகைக்கும் அங்கே பஞ்சமில்லை. அந்த வரிசையில் ஊர்ந்து செல்லும்போது வண்டி திடீரென அணைந்து போவதும், ஆக்சிலேட்டரை மிதித்தும் இழுக்காமல் திணறுவதும் விவசாயிகள் அடிக்கடி சொல்லும் குறைகள்.

'குட்டி யானை' என்று நம் கிராமங்களில் பெயர் பெற்ற டாடா ஏஸ் 2005இல் வந்தபோது டீசலில் ஓடியது. 2020 ஏப்ரல் 1இல் பாரத் ஸ்டேஜ் 6 புகை விதி நடைமுறைக்கு வந்ததை ஒட்டி, அதில் பெட்ரோல் வகையும் வந்தது. இன்றைய பெட்ரோல் வண்டிகளில் கார்புரேட்டர் இல்லை. எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும் என்பதை ஒரு சிறு கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. தோட்டத்துக்குப் போய்வரும் எக்ஸ்.எல். 100 மொபட்டில்கூட 2020க்குப் பின் இம்முறைதான்.

இதன் செயலை ஏரிப் பாசனத்தோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். த்ராட்டில் என்பது மதகு. ஆக்சிலேட்டரை மிதித்தால் அதன் தகடு திறந்து காற்று உள்ளே பாய்கிறது. மதகு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்வது த்ராட்டில் சென்சார். வாய்க்காலில் எவ்வளவு பாய்கிறது என்று சொல்வது காற்று அளவு சென்சார். சூடேற்றிய மெல்லிய கம்பியோ படலமோ அதனுள் இருக்கும். பாயும் காற்று அதை எவ்வளவு குளிர்விக்கிறது என்பதைக் கொண்டு காற்றின் எடை கணக்கிடப்படுகிறது. பல சிறு வண்டிகளில் இதற்குப் பதிலாக, த்ராட்டிலுக்கு அப்பால் குழாயில் உள்ள அழுத்தத்தை அளக்கும் சென்சார் இருக்கும். 1 பங்கு பெட்ரோல் முழுதாக எரிய, எடையில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். சென்சார் தவறான கணக்குச் சொன்னால் இந்த விகிதம் கெட்டு, இழுவை குறையும் அல்லது பெட்ரோல் வீணாகும்.

கணக்குத் தவறும்போது மீட்டர் பலகையில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும். மெக்கானிக் ஸ்கேனர் கருவியைப் பொருத்தினால் ஒரு குறியீடு தெரியும். பி 0101 என்றால் காற்று அளவு சென்சார், பி 0121 என்றால் த்ராட்டில் சென்சார். இங்குதான் பணம் வீணாகிறது. குறியீட்டில் வந்த சென்சாரை உடனே கழற்றி, ஆயிரக்கணக்கில் செலவு செய்து புதியது போடுகிறார்கள். சில நாளில் பழைய தொல்லை திரும்பிவிடுகிறது. பயிரின் இலை மஞ்சளானவுடன் யூரியா மூட்டையை அவிழ்ப்பது போன்றதே இது. விஜய் யூரியா தயாராகும் மணலியின் பக்கத்து வயலிலும், நீர் தேங்கி வேர் மூச்சுவிட முடியாததால் மஞ்சளான நெல்லுக்கு யூரியா மருந்தாகாது. வடிகால் வெட்டினால்தான் பயிர் தேறும். அதுபோல், குறியீடு காட்டுவது கணக்கு ஒத்துவராத இடத்தை. பழுதான பொருளை அல்ல.

ஆகவே செலவில்லாத இடத்திலிருந்து தொடங்க வேண்டும். முதலில் ஏர் ஃபில்டர். அடைத்த ஃபில்டரைத் தட்டிவிட்டு மீண்டும் போடுவதும், பங்க்சர் கடைக் காற்றை முழு வேகத்தில் அடிப்பதும் தவறு. காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழுந்தால், தூசி நேராகச் சென்சார் கம்பியில் படியும். சர்வீஸ் புத்தகத்தில் உள்ள கிலோமீட்டர் கணக்கு சாதாரண சாலைக்கு உரியது. மணலி, எண்ணூர்ச் சாலையில் தினமும் ஓடும் வண்டிக்கு அதற்கு வெகு முன்பே ஃபில்டரை மாற்ற வேண்டி வரும்.

அடுத்து, ஃபில்டரிலிருந்து த்ராட்டில் வரை செல்லும் ரப்பர் ஹோஸ். மடிப்புகளில் வெடிப்பு உண்டா, கிளிப் தளர்ந்துள்ளதா என்று விரலால் விரித்துப் பார்க்க வேண்டும். களத்தில் நிறுத்தும் வண்டியில் எலி கடித்திருப்பதும் உண்டு. அளவுகோலைத் தாண்டிய பின் பக்க வாய்க்கால் ஒன்று வந்து கலந்தால் நீர்க் கணக்கு எப்படித் தவறுமோ, அப்படியே வெடிப்பு வழியே புகும் காற்றும் கணக்கில் வராது. அழுத்த சென்சார் உள்ள வண்டியில் த்ராட்டிலுக்கு அப்பால் கசிவு இருந்தால், என்ஜின் சும்மா நிற்கும்போதே வேகம் கூடிக் கத்தும். சந்தேகமான இடத்தில் சிறிது தண்ணீர் தெளித்தால், ஓடும் என்ஜினின் சத்தம் மாறுவதைக் கொண்டு கசிவைக் கண்டுபிடிக்கலாம். மின் கனெக்டர்கள் மீது தண்ணீர் படக்கூடாது. பெட்ரோல் தெளித்துப் பார்க்கும் வழக்கம் சில பட்டறைகளில் உள்ளது. தீப்பிடிக்கும் வேலை அது, அனுமதிக்கக் கூடாது.

கடற்கரைக் காற்றில் உப்பு உண்டு. சென்சார் கனெக்டரைக் கழற்றினால், பின்களில் பச்சைப் பாசிபோல் களிம்பு ஏறியிருப்பதைக் காணலாம். அதற்கான ஸ்பிரே கொண்டு துடைத்துப் பொருத்தினாலே பல வண்டிகள் சரியாகிவிடும். பேட்டரி முனைகளும் எர்த் ஒயரும் இறுக்கமாக இருக்கட்டும்.

த்ராட்டில் தகட்டின் ஓரத்தில் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்தால், மதகின் அடியில் வண்டல் சேர்ந்ததுபோல் சிறு காற்று வழி அடைபட்டு, சிக்னலில் வண்டி அணையும். த்ராட்டில் கிளீனரைத் துணியில் நனைத்துத் துடைக்கலாம். மோட்டாரால் இயங்கும் த்ராட்டிலாக இருந்தால், சாவி போட்ட நிலையில் தகட்டுக்குள் விரலை விடவே கூடாது. துடைத்தபின், ஐடிலிங் அளவை ஸ்கேனர் மூலம் மீண்டும் பதிய வைக்க வேண்டிய வண்டிகளும் உண்டு. காற்று அளவு சென்சாருக்கு அதற்கென்றே விற்கும் கிளீனரை மட்டும் தெளித்து, தானாக உலர விட வேண்டும். துணி, பிரஷ், கம்ப்ரஸர் காற்று எதுவும் அதில் படலாகாது. தலைமுடியினும் மெல்லிய கம்பி அறுந்துவிடும்.

இத்தனைக்கும் பிறகுதான் சென்சாரைச் சோதிப்பது. மெக்கானிக்கிடம் கேட்டு, பக்கத்தில் நின்றே பார்க்கலாம். பெரும்பாலான த்ராட்டில் சென்சாருக்கு 5 வோல்ட் வரும். திரும்பி வரும் மின்னழுத்தம் தகடு மூடியபோது சுமார் அரை வோல்ட், முழுதும் திறந்தபோது சுமார் 4.5 வோல்ட். மெல்ல மிதிக்கும்போது முள் மீட்டரில் முள் சீராக ஏற வேண்டும். நடுவில் துள்ளினால் சென்சார் தேய்ந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். மோட்டார் த்ராட்டிலில் இப்படி இரண்டு அளவுகள் வரும், அவை ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். அழுத்த சென்சாருக்கு இன்னும் எளிய சோதனை உண்டு. மணலி கடல் மட்டத்தை ஒட்டிய ஊர். ஆதலால் என்ஜின் ஓடாமல் சாவி மட்டும் போட்ட நிலையில் ஸ்கேனரில் சுமார் 100 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். அதிகம் விலகினால் சென்சார் அல்லது ஒயர் பழுது. என்ஜின் ஓடி ஐடிலிங்கில் நிற்கும்போது இது 30, 40 என்ற அளவுக்கு இறங்கும். இறங்காமல் உயரத்திலேயே நின்றால் சென்சாரைக் குறை சொல்லாமல், காற்றுக் கசிவையும் வால்வையும் பார்க்க வேண்டும்.

டீசல் வண்டி வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. அதில் காற்று அளவு சென்சார் பெரும்பாலும், புகையில் ஒரு பங்கை என்ஜினுக்குத் திருப்பும் வால்வைக் கட்டுப்படுத்தவே பயன்படுகிறது. கரும்புகை வந்தால் அந்த வால்வில் கரி அடைத்துள்ளதா என்றும் பார்க்கவும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலி, திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசடும் பரவியது. அவ்வாறு வெள்ளத்தில் நின்ற வண்டியை உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றி, ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறக்க வேண்டும். அதனுள் ஈரம் இருந்தால் வண்டியைக் கட்டி இழுத்தே பட்டறைக்குக் கொண்டு செல்க. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் அழுந்திக் கொடுக்காது. ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.